நான்கு பற்கள்

கைரவானில் விடாத மழை, செவ்வாய்க்கிழமை.
ஆட்டுத்தோல் ஈரத்தை மோப்பம் பிடித்து
ஓரம் சுருட்டிக்கொள்கிறது.
முன்ஜியா நான்கு மூலைகளிலும்
சின்னச் சின்ன மணல்பைகளை வைக்கிறாள்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்வை செருகுவதுபோல.

ஆறாவது வரி.
நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டுவந்தால்
என்ன செய்வது என்று சொல்கிற இடம்.
என்ன செய்வது என்ற அந்தச் சொல்லில்தான்
நான்கு பற்கள் நிற்கின்றன,
ஒரே உயரம், ஒரே கறுப்பு.
மேலே புள்ளி இல்லை. கீழே புள்ளி இல்லை.
எழுதியவன் மெய்யை மட்டும் எழுதிவிட்டு
உயிரை ஓதுகிறவன் வாயில் விட்டுப் போயிருக்கிறான்.
மெய்யிலும் பாதிதான்.

தெளிவாக விசாரியுங்கள் என்று ஓதலாம்.
பொறுங்கள், உறுதி செய்யுங்கள் என்றும் ஓதலாம்.
ஓதியிருக்கிறார்கள்.
இந்த ஊர் வழக்கு ஒன்று,
கூஃபாவில் வேறொன்று.
இரண்டுக்கும் தொழுகை கூடியது.

பட்டியல் எழுதும் ஷாத்லி
ஏட்டைப் பார்க்காமலே வாசிக்கிறான்.
பத்து வயதில் மனனம் செய்தவன்.
“இது ஞாபகக் குறிப்பு, அவ்வளவுதான்.
வாய் முந்தியது, தோல் பிந்தியது.”
லைப்சிக்கிலிருந்து வந்திருக்கும் எக்கார்ட்
கண்ணாடியைத் துடைத்தபடி,
“வாய் செத்துப்போகும். தோல் சாகாது” என்கிறார்.
“தோல்தான் முதலில் செத்தது” என்கிறாள் முன்ஜியா.

லியோனிலிருந்து வந்த ஆய்வுக்கூடக் கடிதம்
மேஜையில் கிடக்கிறது:
அறுநூற்று நாற்பதுக்கும் எழுநூற்றுப் பத்துக்கும் இடையில்.
அது ஆடு மேய்ச்சலை நிறுத்திய காலம்.
எழுதுகோல் எப்போது வந்தது என்று
ஆட்டுக்குத் தெரியாது.

பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது
இரண்டாம் பல்லின் தலைக்கு மேல்
ஏதோ பளபளத்தது.
யாரோ புள்ளிகள் வைத்து
யாரோ சுரண்டியிருக்கலாம்.
எக்கார்ட் மூச்சை நிறுத்தினார்.
“மயிர்க்கால்” என்றான் ஷாத்லி.
இருவரும் லென்ஸை விட்டுவிட்டு
அவளையே பார்த்தார்கள்.
“நாளைக்கு” என்றாள்.

அடுமனை வரிசையில்
முன்னால் நின்ற பெண் திரும்பிச் சொன்னாள்:
“பழைய ஏடுகளையெல்லாம்
ஜெர்மன்காரனுக்கு விற்றுவிட்டார்களாமே.”
யார் சொன்னது?
ஃபவ்ஸியாவின் புருஷன்.
அவனுக்கு?
கராஜில் டயர் மாற்றுகிற பையன்.
அவனுக்கு?
அவன் அம்மா.
அம்மாவுக்கு?
மாவு தட்டிக்கொண்டிருந்த ரிள்வான்
அடுப்புக்குள்ளிருந்து தலையை இழுத்துச் சொன்னான்:
“நான்தான் சொன்னேன். விற்றதாக இல்லை,
வாங்க வந்திருப்பான்போல என்று.”
உனக்கு?
அவன் சிரித்தான். “நீதானே அக்கா,
வியாழக்கிழமை, இதே இடத்தில்,
‘ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருக்கிறார்,
ஏட்டைப் பார்க்க’ என்றாயே.”

ஐந்து அறிவிப்பாளர்கள்.
ஒருவரும் பொய்யர் இல்லை.
ரிள்வான் ஐந்து வேளையும் தவறாதவன்.
தொடர் எங்கும் அறுபடவில்லை,
நேராக அவள் வாயில் வந்து முட்டியது.
ஆனாலும் செய்தி வேறு.
அவள் சொன்னது அதற்குள் இருக்கத்தான் செய்தது,
சுரண்டிய இடத்தில் மை இருப்பதுபோல,
சாய்த்துப் பிடித்தால் தெரிகிற அளவுக்கு.

இரண்டு ரொட்டி வாங்கினாள்.
மறுப்புச் சொல்ல வாயெடுத்தாள்,
வரிசையில் இன்னும் ஏழு பேர் நிற்பதைப் பார்த்தாள்,
ஏழு பேரும் ஏழு வீட்டுக்குப் போவார்கள்,
மூடிக்கொண்டாள்.

காலையில் மழை இல்லை.
தோல் தானாகவே தளர்ந்து கிடந்தது.
அறிக்கையில் எழுதினாள்:
ஆறாவது வரி, இரண்டாம் பல்லின் மேல்
மேற்பரப்பு சிதைந்துள்ளது. காரணம் தெரியவில்லை.
எக்கார்ட் இன்னொரு சொல் கேட்டார், ஒன்றே ஒன்று.
ஷாத்லி ஒரு சொல்லை எடுக்கச் சொன்னான்.

அவள் மணல்பையை
அரை விரல் தள்ளி வைத்தாள்,
அந்த நான்கு பற்கள்
எதையும் கடிக்காமல்
தெரியும்படி.