ரைட்டர்

ஸ்டேஷனில் என்னை ரைட்டர் என்பார்கள்.
பதினோரு வருடத்தில் நான் எழுதியது முழுக்க
மற்றவர்கள் சொன்னது.

வியாழன், நாலு நாற்பது.
கம்ப்யூட்டரை அணைக்கப் போன நேரம் வந்தார் சோனைமுத்து,
பெரியார் – திருநகர் ஷேர் ஆட்டோ.
போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்,
சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல.

எஃப்.சி.க்கு நாலாயிரம் குறைந்ததாம்.
ஆப்பில் வாங்கியிருக்கிறார்.
ஒன்பதாயிரம் கட்டிய பிறகும்
கடன் அப்படியே நிற்கிறது.
அனுமதி கேட்ட இடத்திலெல்லாம்
‘சரி’யைத் தொட்டிருக்கிறார், யார்தான் படிக்கிறோம்.
போனிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
அந்த வழியே போய்விட்டார்கள்.
செவ்வாய் ராத்திரி அத்தனை பேருக்கும்
அவர் மனைவியின் படம் வந்தது.
மகளின் டியூஷன் டீச்சருக்கு. மச்சினனுக்கு.
சிலிண்டர் போடுகிற பையனுக்கு.
முகம் மனைவியுடையது. மற்றது வேறு.

“அழிச்சிரலாமா மேடம்?”
முறையைச் சொன்னேன்:
மெஷின் அந்தப் படத்தை நீளமான ஓர் எண்ணாக்கும்,
அதே எண் வேறு தளங்களில் தலைகாட்டினால் தடுக்கும்.
“அப்ப படத்தைப் பாக்காதா?”
பாக்காது. எண் மட்டும்தான்.
அதையே கொஞ்ச நேரம் யோசித்தார்.
“மனுசனுக்கு அது தேவல.
இருநூத்திப் பன்னெண்டு பேரு கண்ணுக்குள்ள போயிருச்சே,
அதுக்கு என்ன நம்பரு?”

பிரிவுகளைத் தட்டினேன்.
அறுபத்தேழு, அதன் பின்னால் ஏ.
கம்பெனிக்கு மெயில் போன அதே நிமிடம் பதில் வந்தது;
அவ்வளவு சீக்கிரம் வருவதை மனிதர் எழுதுவதில்லை.
இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், என்றது.
விதியும் அதுதான். நல்ல விதி.

போன ஆடியில் ஒரு கோப்பு.
பழங்காநத்தத்துப் பெண், பி.காம். இரண்டாம் ஆண்டு.
படம் இருபத்துமூன்றாவது மணியில் நீங்கியது.
விதிப்படி சரி.
அவள் அதுவரை இருக்கவில்லை.
கோப்பில் இரண்டும் அடுத்தடுத்த பக்கம்.

அதன்பின் படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்.
பெரியாஸ்பத்திரியிலிருந்து வகுப்பெடுக்க வந்த டாக்டர் சொன்னது:
நேராகக் கேளுங்கள்,
கேட்பதால் யாருக்கும் அது புதிதாக முளைக்காது.
முதல் தடவை எனக்கு நாக்குப் புரளவில்லை.
இப்போதும் ஒன்றும் பெரிதாகப் புரள்வதில்லை.

“செத்துரலாம்னு தோணுதாண்ணே?”

ஃபேன். எதிர் மேசையில் யாரோ ஸ்டேப்ளர் தேடும் சத்தம்.

“நேத்து சவாரி ஏத்தாம ரொம்ப தூரம் ஓட்டிப் போனேன்.”
எங்கே என்று கேட்கவில்லை.
“திரும்பி வந்துட்டீகல்ல.”
“ரிசர்வுல வந்துருச்சு, அதான்.”
சிரித்தாரா, தெரியவில்லை.

ஆட்டோச் சாவியை வாங்கி டிராயரில் போட்டேன்.
எந்தப் பிரிவில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
உதவி எண்ணை அவர் விரலாலேயே அழுத்த வைத்தேன்.
யாரோ ஒரு பெண் “சொல்லுங்க” என்றாள்.
படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார், நாற்பது நிமிடம்.

ஏழரைக்கு நாகராணி வந்தாள், அண்ணனோடு,
கழுத்தில் மில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருக்க.
நான் ஆறுதலுக்கு வாயெடுக்குமுன்
“படத்தக் காட்டுங்க” என்றாள்.
அவர் வேணாம் வேணாம் என்றார்.
கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“மூஞ்சி என்னுது.
ஒடம்பு எவளுதோ.
நான் இங்கிட்டு வந்து ஒக்காந்துட்டேன்,
அவ எங்கிட்டுப் போயி மனுக் குடுப்பா?”

பாதிக்கப்பட்டவர் என்ற கட்டத்தின் கீழ்
இன்னொரு வரி திறந்தேன்.
பெயர்: சிவப்பு நட்சத்திரம், கட்டாயம்.
தெரியவில்லை என்று தட்டினேன், ஏற்றுக்கொண்டது.
ஊர்: தெரியவில்லை.
கைப்பேசி: அதற்கு மட்டும்
பத்து இலக்கம் இல்லாமல் நகரவில்லை.

என் எண்ணைப் போட்டேன்.