பொருத்தம் தொண்ணூற்றாறு வீதம்

மூன்று கம்பனிகள் மூன்று மென்பொருள்களை
ஒரு மாதம் இலவசமாகத் தந்திருந்தன.
கூட்டுறவுச் சங்கத்தின்
நாற்பத்தோராயிரம் அங்கத்தவர் பதிவுகளை
எது வடிவாகக் கழுவும் என்று பார்த்து
வெள்ளிக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும்.
ஸ்டான்லி வீதி, மேல்மாடி,
ஒரு மின்விசிறி, நான், துவாரகன்.

முதலாவதின் விலையைச் சொன்னால்
தலைவர் தண்ணீர் கேட்பார்.
இரண்டாவது மகா கெட்டிக்காரன்;
தகப்பன் பெயரின் முதலெழுத்தைத்
தானே ஊகித்து விரித்து எழுதியது.
ஒரு மத்தியானத்துக்குள்
முந்நூறு கந்தசாமிகள் பிறந்தார்கள்.
மூன்றாவதுக்கு ஒழுங்கான விளம்பரத் தாள்கூட இல்லை.

இராசமலர் என்று ஒருத்தி.
ஆங்கிலத்தில் ஐயில் தொடங்கி ஒருமுறை,
ஆரில் தொடங்கி இருமுறை,
நடுவே ஒரு எச் கூடியும் குறைந்தும்.
மூன்று மென்பொருளும் அவளைப் பிடித்துவிட்டன.
துவாரகன் கைதட்டினான்.

பிறகு அவளுடைய முகவரி.
மயிலிட்டி.
மல்லாகத்தில் ஒரு முகாம்.
சாவகச்சேரி, வன்னியில் இலக்கமில்லாத ஒரு காணி,
மறுபடி மயிலிட்டி.
முதலாவது சிவப்பெழுத்தில் கேட்டது:
முரண்பட்ட தரவு, பழையவற்றை நீக்கவா?
ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.
பழையதும் மயிலிட்டி, புதியதும் மயிலிட்டி.
எதை நீக்கச் சொல்கிறதென்று
எங்களுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை பவளராணியும் பவளரஞ்சினியும்.
ஒரே முதலெழுத்து, ஒரே பிறந்த திகதி,
ஒரே வீடு, ஒரே தொலைபேசி.
பொருத்தம் தொண்ணூற்றாறு வீதம் என்றது இரண்டாவது.
கலியாணத்துக்கென்றால்
எந்தச் சாத்திரியாரும் அன்றைக்கே நாள் வைத்திருப்பார்.
கேட்காமலே இணைத்தது.
இரண்டு சேமிப்பும் ஒன்றாகி
கடன் இருவருக்கும் பொதுவாகிப் போனது.

தொலைபேசி எடுத்தேன்.
"ஓம், நாங்கள் இரட்டைப் பிள்ளையள்.
கடன் எடுத்தது அவள், நானில்லை.
வடிவாய் எழுதிக்கொள்ளுங்கோ.
பள்ளிக்கூடத்திலும்
அவள் செய்த குழப்படிக்கு எனக்குத்தான் அடி."

மூன்றாவது அவர்களைத் தொடவில்லை.
'தீர்மானிக்க முடியவில்லை' என்று
ஒரு வரிசையில் ஏற்றிவிட்டு
அடுத்த ஆளிடம் போனது.
அந்த வரிசையில் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பேர்.
பஞ்சி பிடித்த சாமான் என்றான் துவாரகன்.
நானும் அப்படித்தான் குறித்துவைத்தேன்.

வியாழன் இரவு,
எல்லாரும் போனபின் அந்த வரிசையைத்
தள்ளிக்கொண்டு போனேன்.
நிலை என்றொரு கட்டம்.
முதலாவது அறிந்தது இரண்டே சொல்:
உயிருடன், காலமானார்.
வெறுமையாய் விட்டால் பிழையென்று சத்தமிடும்;
பத்து வருடம் பணமெடுக்க வராதவரைத்
தானே காலமாக்கும்.

எங்களிடம் இருபத்து மூன்று பேருக்கு
அந்தக் கட்டம் வெறுமை.
யாரோ ஒரு பழைய இலிகிதர்
பேரேட்டில் பென்சிலால் சின்னக் கோடு இழுத்திருந்தார்.
கணினியில் ஏற்றியவர்
கோட்டை இடைவெளியாக்கியிருந்தார்.
சந்தா மட்டும் வருடா வருடம் வந்திருக்கிறது.
செலுத்தியவர்: மனைவி.
செலுத்தியவர்: மனைவி.
செலுத்தியவர்: தாய், இரண்டாயிரத்துப் பதினாறு வரை.
அதன்பின் தங்கச்சி.

அறிக்கையில் மூன்று நிரல்கள்:
வேகம், விலை, துல்லியம்.
மூன்றிலும் மூன்றாவதுதான் கடைசி,
விலையைத் தவிர.
நான்காவதாய் ஒரு நிரல் இழுத்தேன்.
தலைப்பு வரவில்லை.
காலையில் துவாரகன் எட்டிப் பார்த்துவிட்டு
'தெரியாததைத் தெரியாதென்று சொல்லுமா?' என்று தட்டினான்.
இல்லை. இல்லை. ஆம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"சரி, இந்த ஆயிரத்து நூற்றுப் பதினேழையும்
ஆர் பார்க்கிறது?"
"நாங்கள்தான். நாளைக்கு இருபது" என்றேன்.
துவாரகனுடைய முகத்துக்கும் என்னுடைய சொல்லுக்கும்
அந்த நேரம்
பொருத்தம் பூச்சியம்.