மில் ஓடாத நேரம்

சாமானறை யன்னலுக்கு
முதலில் யூரியாச் சாக்கு, அதன்மேல் கறுப்புப் பொலித்தீன்,
விளிம்பெல்லாம் பிளாஸ்டர்.
கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளை மறந்துபோனேன்.
பதினொரு இடத்தில் வெயில் சீமெந்தில் ஒழுகியது.
சுவிங்கம் மென்று மென்று அடைத்த நிரஞ்சலா
ஏணியால் இறங்காமலே கேட்டாள்:
"வெளிச்சம் வேணுமெண்டுதானே படம் எடுக்கிறியள்,
பிறகேன் அடைக்கிறியள்?"

வெயிலை நம்பேலாது, என்றேன்.
ஒரு முகில் போனால் ஒரு ஸ்டொப் போகும்.
காலை எட்டுக்கும் பின்னேரம் நாலுக்கும்
வித்தியாசம் தெரியாத ஓர் அறை வேண்டும் எனக்கு.

மல்லாவிச் சந்தியில் வாங்கின நூறு வாட் குண்டு பல்ப் இரண்டு,
இடமும் வலமும், கதிரை முதுகில் கட்டி.
கதிரைக் கால்களைச் சுற்றிச் சோக்கால் வட்டம்.
நடுவில், சாம்பல் அட்டைக்குப் பதில்,
வீட்டுத்திட்டத்தில் மிஞ்சின சீற்றுத் துண்டு.
பக்கத்தில் ஒரு வெள்ளைத் துவாய். ஒரு கரிச்சட்டி.
துவாயில் நூல் தெரியவேண்டும்,
சட்டியில் கரி வெறும் இருட்டாகிவிடக் கூடாது.

காலாவதியான றோல். பெட்டி நானூறு என்கிறது.
பெட்டி என்னவும் சொல்லும்.
இருபத்தைந்து, ஐம்பது, நூறு, இருநூறு,
கொப்பியில் எழுதி எழுதி அமத்தினேன்.

ஏழாவதில் பல்புகள் மூச்சு வாங்கின.
பக்கத்து வளவில் மில் தொடங்கிவிட்டது.
சிவபாதத்தாரிடம் நிரஞ்சலா ஓடினாள்,
என்ன சொன்னாளோ,
மில் நின்றது.
நெல்லுக்குக் காத்திருந்த மூன்று பெண்கள்
கரிச்சட்டிக்குப் படம் எடுப்பதைப் பார்க்க வந்து
கதவை அகலத் திறந்தார்கள்.

"சாத்துங்கோ!"

சாத்தினார்கள். உள்ளே வந்து சாத்தினார்கள்.
ஒருத்தி யன்னலைத் தடவிக்கொண்டே போய்
பிளாஸ்டர் கிளம்பியிருந்த மூலையைக் கண்டுபிடித்து
பெருவிரலால் அழுத்தினாள்.
எனக்குத் தெரியாத மூலை அது.
"நாங்கள் ஒட்டினது
உள்ளுக்கு விளக்கு எரியுறது மேல தெரியக்கூடாதெண்டு.
இது மற்றப்பக்கமாக்கும்," என்றாள்.
நிரஞ்சலா ஏணியை மடக்கினாள்.
எட்டு, ஒன்பது, பத்து.

கழுவிக் காயவிட்ட சுருளில்
ஏழாவது, மில் இழுத்த அளவுக்கு மெலிந்திருக்கிறது.
ஐம்பதில்தான் கரி கரியாக இருக்கிறது.
பதினோராவதில்
சீற்றுத் துண்டு சரியாமல் ஓரத்தைப் பிடித்தபடி
தவிடு படிந்த ஒரு பெருவிரல்,
அரை விநாடிக்கும் அசையாமல்.
கொப்பியில் அந்த வரிக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.