ஆக்-பைத்தாலுக்கு ஒரு வளைவு கீழே

மூடியைத் தொடாதே என்று கத்தினேன்.
எர்மெக் அதற்குள் கையில் துணி சுற்றியிருந்தான்.
இந்த உயரத்தில் தண்ணீருக்கே பொறுமை குறைவு,
எண்பத்தைந்து டிகிரியில் கொதித்துவிடும்.
மூடிக்குள் அடைபட்டிருப்பது எத்தனை டிகிரியோ.

அவனுடைய பஜேரோ வெள்ளை வெள்ளையாய் மூச்சுவிட்டது.
பின்சீட்டில் ஒரு தையல் மிஷின்,
அதைக் கட்டிக்கொண்டு மணப்பெண்ணின் அத்தை.

நாற்பது நிமிடம் ஆற விட்டோம்.
அதற்குள் இரண்டு லாரிகள் நின்றுவிட்டன.
பாமீரில் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை.

கோரோக்கிலிருந்து வந்த ஷோதவ்லத் பச்சைக் கேனோடு இறங்கினான்.
காஷ்கர் லாரிக்காரர் ஹொஷுர் சிவப்புக் கேனோடு.
பஜேரோவின் வயிற்றில் இருந்ததோ இளஞ்சிவப்பு,
அதன்மேல் யாரோ எப்போதோ ஊற்றிய ஏதோ.

எல்லாம் உறையாத தண்ணீர்தானே, ஊற்று சைரகுல்,
ஆபத்துக்குப் பாவமில்லை.

நிறம் வெறும் சாயம் என்றேன்.
பச்சையெல்லாம் ஒரே பச்சையல்ல.
போன குளிர்காலம் முர்காபில்
ஒரு ரேடியேட்டரைக் கரண்டியால் வழித்தேன்:
பச்சையும் சிவப்பும் சேர்ந்து
பழுப்புக் களி.

நம்பவில்லை.
ஜாம் பாட்டிலில் இரண்டையும் கொஞ்சம் விட்டுக் குலுக்கினான் ஷோதவ்லத்.
தெளிவாகத்தான் இருந்தது.
பார், என்றான்.
இன்றைக்குத் தெளிவு, என்றேன்,
ஆயிரம் கிலோமீட்டர் சூட்டுக்குப் பிறகு
இந்தப் பாட்டில் சாட்சிக்கு வராது.

கேன்களின் முதுகைத் திருப்பினேன்.
ஒன்றில் எழுத்து அழிந்துவிட்டது.
மற்றதை எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை,
ஹொஷுருக்கும்தான். மச்சானுடைய கேனாம்.

கடைசியில் அத்தை
தேநீருக்கென்று வைத்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீரை நீட்டினாள்,
ஏதோ மொய் எழுதுவதுபோல.
மெல்ல மெல்ல ஊற்றினேன்.
வெறும் தண்ணீர் யாரோடும் சண்டை போடாது.
ஆனால் உறையும்.

கேன்கள் மூடியபடியே லாரியேறின.
கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்புவதுதான்
இந்த வேலையில் கடினம்.
அதை எந்த ஸ்பானரும் செய்யாது.

முர்காபில் ராத்திரி மைனஸ் பதினாலு.
எர்மெக் தூங்கிவிட்டான்.
நான் வண்டிக்கடியில் படுத்து
கீழ்க் குழாயைத் தளர்த்தினேன், எஞ்சின் பக்கத் திருகையும்.
பழையதும் புதியதும் அத்தையின் தேநீரும்
இளஞ்சிவப்பாய் அலுமினியத் தட்டில் விழுந்தன.
காலையில் நன்றாகக் கழுவி
பெயர் தெரிந்த ஒன்றை மட்டும் நிரப்ப வேண்டும்.

ஒரு நாய் வந்து மூக்கை நீட்டியது.
இனிப்பு வாசனை அதற்கு.
போடா, என்றேன்.
போகவில்லை.

தட்டைத் தூக்கி வண்டிக் கூரையில் வைத்தேன்,
நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில்.
நாயும் நானும் கீழே நின்று
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.