மூன்று நிமிட விளக்கு

ஜெபல் அலியில், நான்காம் எண் கிடங்கில்
அசையாதவனுக்கு விளக்கு கிடையாது.
மூன்று நிமிடம். அப்புறம் கூரை
இங்கே ஆளில்லை என்று முடிவு கட்டிவிடும்.

படிக்கிறவன் என்ன அசைவான்?
தாள் புரட்டும் விரல் அதற்குப் போதவில்லை.
ரத்தினாவதி மாடிப்படி ஏறி
ஆய்வுக்கூடக் கதவில் கை வைக்கிறாள்
உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம்
பொசுக்கென்று இருட்டு.
கையைத் தூக்குகிறேன்,
வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல:
உள்ளேன் ஐயா.
விளக்குகள் ஒவ்வொன்றாக நம்புகின்றன.

அட்டை கிழிந்த நாவல். தலைப்பு தெரியாது.
இருதயராஜுக்கு வந்த பார்சலில்
ஊறுகாய் பாட்டில் உடையாமலிருக்க
அண்டக் கொடுத்திருந்தார்கள்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் நார்த்தங்காய் எண்ணெய்.
எண்ணெய் பட்ட இடம் கண்ணாடியாகி
அறுபத்திரண்டில் நடக்கப்போவது
இடம் வலம் மாறி முன்னாலேயே தெரிகிறது.
கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தேன்.

கதை நடப்பது இரண்டாயிரத்து முப்பதில்.
சென்னையில் கார்கள் பறக்கின்றன,
சந்திரனில் லாட்ஜ் இருக்கிறது.
ஆனாலும் ரத்தினாவதி, துப்புக் கிடைத்ததும்,
ஒரு ரூபாய்க் காசுக்குக் கைப்பையைத் துழாவி
மருந்துக்கடை வாசலில்
போன் பண்ண வரிசையில் நிற்கிறாள்.
அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன்.
அவ்வளவு பிடித்திருந்தது.

கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறார் விஞ்ஞானி.
பக்கத்தில் அவர் செய்த இயந்திர மனிதன்.
கண்ணில் சிவப்பு விளக்கு, நெஞ்சில் குமுறல்.
ஒரு நாள் அவை நம்மை வெறுக்கும் என்று
எழுதியவர் பயந்திருக்கிறார்.

இங்கே அவை என் முழங்கால் உயரம்.
ஆரஞ்சு நிறம்.
அலமாரியையே முதுகில் தூக்கிக்கொண்டு
ஷாம்புவும் பூனைத் தீனியும் சுமந்து போகின்றன.
குறுக்கே போனால் நிற்கும். ஒரு கீச்சு.
பந்தியில் இலை மிதிக்காமல் நடப்பவர்போல
சுற்றிக்கொண்டு போய்விடும்.
அவற்றின் பேட்டரிக்குச் சூடு ஆகாதாம்.
அந்தப் புண்ணியத்தில் ஆகஸ்டிலும் எனக்குக் குளிர்.

போன வருஷம் இந்த ஷிப்டில் நாற்பது பேர்.
இப்போது நானும், அடுத்த வாசலில் சிவபாதமும்.
முப்பத்தெட்டுப் பேரும் கிளம்பிய அன்று
கம்பெனி பிரியாணி போட்டது.
ஆப் சொன்ன நிமிடத்துக்குச் சரியாக வந்தது,
சூடு குறையாமல்.

கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
"கொலைகாரன் இந்த அறையில்தான்" என்று
ரத்தினாவதி திரும்பும்போது
துருப்பிடித்த பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"இதுக்கேன் யோசிக்கிறீர், போனிட்டைக் கேளும்"
என்றான் சிவபாதம்.
கதையைச் சொன்னோம். பதினோரு நொடி.
நான்கு முடிவுகள்.
பொய் சொல்லக் கூடாது, எல்லாம் நல்ல முடிவுகள்.
ஒன்றில் தம்பி. ஒன்றில் மருந்துக்கடைக்காரர்.
ஒன்றில் விஞ்ஞானி சாகவே இல்லை.
ஒன்றில், படித்து எனக்கே வியர்த்துவிட்டது, ரத்தினாவதி.
நான்கிலும் இயந்திரம் நிரபராதி.
சிவபாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்:
"தங்கட ஆளைக் காட்டிக் குடுக்குமே!"

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
ஒவ்வொரு அத்தியாயமும் என் வாயால் கேட்டவள்
அமலோற்பவம்.
"அந்த நாலையும் முதல்ல அழிங்க" என்றாள்.
"எழுதின ஆள் யாரைச் சொன்னார்னு தெரியணும்.
பழைய பேப்பர் கடையில கேக்கறேன்.
அதுவரைக்கும்
யாரையும் சந்தேகப்படாதீங்க."

அழித்துவிட்டேன்.
மூன்று நிமிடம் ஆனது. விளக்கு போனது.
இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை.
புத்தகம் மடியில், அந்த அறையில்
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
தூரத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்தது,
என் காலருகே வந்து நின்றது.

யாரும் கேட்கவில்லை. குனிந்து கேட்டேன்:
உண்மையைச் சொல், நீதானா?

ஒரு கீச்சு.
பிறகு, பூனைத் தீனியோடு,
என்னைச் சுற்றிக்கொண்டு போனது.