தாமதக் காரணம்

முதலில் ஒரு பொட்டு.
தகரக் கூரையைப் பார்த்துவிட்டு
நிழலுக்குள் வந்தால் மிதக்குமே, அப்படி.
எட்டு இருபத்தைந்து அக்கரைப்பற்று பஸ்ஸைப்
பதிந்துகொண்டிருந்தேன்.
இருபத்தைந்து இருக்கிறது.
எட்டைக் காணவில்லை.

பேனையை உதறினேன்.
பிழை மையில் இல்லை.

பொட்டு பிறையானது. பிறைக்குப் பல் முளைத்தது.
ஒவ்வொரு பல்லும் வெள்ளி, பிறகு ஊதா, பிறகு
யாரும் பெயர் வைக்காத ஒரு நிறம்.
துடித்துத் துடித்து ஓரத்துக்கு நகர்கிறது,
முட்கம்பிச் சுருளுக்குக் கரண்ட் கொடுத்ததுபோல.
ஒன்பது வயதில்
பஸ்ஸால் இறக்கி நடக்கவிட்ட இடங்களில்
அந்தச் சுருளைப் போதுமானளவு பார்த்திருக்கிறேன்.
கண்ணை மூடினேன்.
உள்ளேயும் அதே கம்பி.

இருபது நிமிசம். சில நாள் இருபத்திரண்டு.
நேரம் பார்ப்பதுதானே என் வேலை.

கல்முனை பஸ் நிலையத்துக்குப்
பலகைகள் அந்நேரம் இப்படித்தான் வந்து சேரும்:
அக்கரைப்பற்றில் பற்று மட்டும்.
ஆரையம்பதியில் பதி.
எங்கள் ஊரே கல்லைத் தொலைத்துவிட்டு
வெறும் முனையாக நிற்கும்.
ஒருநாள் மட்டக்களப்பு வந்தது,
முன்பாதி இல்லாமல்.
களப்பு.
களப்பு என்று எழுதிய பஸ்ஸில்
மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஏறினார்கள்.
கொண்டக்டர் கைகொடுத்துத் தூக்கினான்.
யாரும் நனையவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சொட்டு விட்டு,
விளக்கடித்துப் பார்த்துச் சொன்னார்கள்:
"கண்ணில ஒண்டுமில்ல. இது கண்ணுக்குப் பின்னால.
எப்ப வருதெண்டு எழுதி வாங்க,
காரணம் பிடிபடும்."

எழுதினேன்.
பொத்துவில் எருமைத்தயிரில் சந்தேகம்.
மூன்று கிழமை தொடவில்லை.
நாலாம் கிழமை, திங்கள், வந்தது.
சீஸ் கூடாதாம்.
சீஸ் வாங்குகிற சம்பளம் வரட்டும், பிறகு விடுவோம்.
கந்தோர் டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டேயிருந்தது.
டிப்போவுக்கு மூன்று கடிதம்; புதிசு பூட்டினார்கள்.
அதன் கீழேயே இருந்து பார்த்தேன் அடுத்ததை.
மகளுக்குக் காய்ச்சல், விடிய விடிய முழிப்பு: வந்தது.
மகனுக்குக் காய்ச்சல், அதே முழிப்பு: வரவில்லை.
பெரியநீலாவணைத் தென்னைகளுக்கிடையால்
வெயில் ஜன்னலில் விட்டு விட்டு வெட்டும்.
அது நிச்சயம்.
அது ஒன்றுதான் நிச்சயம்.
மைத்துனி, கண்ணூறு என்று
செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டாள்.
நெடி வரவில்லை, பார்த்தியா என்றாள்.
எல்லோரும் இருமிக்கொண்டிருந்தோம்.

கவலையையும் எழுதச் சொன்னார்கள்.
கொப்பி போதாது.

டைம்கீப்பருக்குக் கண் தெரியாது என்று
ஒரு கதை புறப்பட்டால்
அது எந்த பஸ்ஸையும்விட வேகமாய்ப் போய்ச் சேரும்.
இஸ்ஸதீனுக்கு மட்டும் சொன்னேன்.
அன்றிலிருந்து உள்ளே திருப்பும்போதே
சாரதி ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்துவார்:
"பொத்துவில்! ஒம்பது பத்து! எழுது மனே!"
நன்றாகத் தெரிகிற நாளிலும் கத்துவார்.
தெரியாத நாளில்
அரை முகத்தோடு சிரிப்பார்.
மற்ற அரையும் சிரிக்கும் என்ற நம்பிக்கையில்
நானும் சிரிப்பேன்.

கம்பி ஓரத்தால் வழிந்து போன பிறகு
நோ இல்லை.
விருந்தாள் போன வீடுபோல் ஒரு களைப்பு மட்டும்.
எழுத்தெல்லாம் திரும்பி வந்து
தன் தன் இடத்தில் இருக்கும்.
கொஞ்சநேரம் அவற்றை நம்ப மாட்டேன்.

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டம்
தாமதக் காரணம்.
பனங்காட்டுப் பாலத்தில் மாடு,
சாரதியின் மாமியார் வீட்டு இடியப்பம்,
எதுவானாலும் அங்கே எழுதுவது ஒரே சொல்.
என் கொப்பிக்கும் அதே கட்டங்களைத்தான் கோடு போட்டிருந்தேன்.

நேற்று. எட்டு ஐம்பது முதல் ஒன்பது பத்து.
சாப்பிட்டேன். தூங்கினேன். மப்பு வானம்.
யாரோடும் சண்டையில்லை.
கடைசிக் கட்டத்தில் பேனையைக்
கொஞ்சநேரம் ஊன்றிக்கொண்டிருந்தேன்.

டயர் என்று எழுதினேன்.