பதினெட்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு

வேலந்தாவளம் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்,
புளியமரத்தை ஒட்டி எடைமேடை.
இரவுப் பணி எனக்கு.
கணவாய்க் காற்று தகரக் கூரையை
விடியும் வரை பிறாண்டும்.
ஒரு கம்ப்யூட்டர், இருமும் பிரிண்டர்,
பாதி தின்ற நேந்திரங்காய் சிப்ஸ்.

லாரி ஏறும். மேடை மூச்சு வாங்கும்.
எண் நடுங்கி நடுங்கி நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
இரண்டு வண்டிக்கு நடுவே கிடைக்கிற
ஏழு நிமிடம், பதினோரு நிமிடம்,
அதில் எழுதியதுதான் இது:
எடையை உள்ளே விட்டால்
சுரத்தை வெளியே தரும் ஒரு பங்ஷன்.

பங்ஷன் என்றால் எங்கள் வீட்டில்
மண்டபம், பந்தி, மொய் நோட்டு.
வைத்த பணத்தைப் பொறுத்து
வாசலில் சிரிப்பு அகலும், குறுகும்.
இதற்கு முகம் பார்க்கத் தெரியாது.
பன்னிரண்டு டன் கொடுத்தால் ரிஷபம்.
நேற்றும் ரிஷபம், மழையிலும் ரிஷபம்,
ஓட்டுவது யாரென்று கேட்காத ரிஷபம்.
உள்ளே வந்ததைத் தவிர வேறெதையும் தொடாது.
மேசைக்கு அடியில் கை நீட்டாது.

பட்டியலை அது திருத்துவதுமில்லை.
பழையது பழையபடி கிடக்க,
பக்கத்தில் புதிதாக ஒன்று பிறக்கும்:
கோழித்தீவனம் கீழே,
இளநீர் நடுவில்,
தக்காளி டெம்போக்கள் மேல் ஸ்தாயியில்
கீச்சிட்டுக்கொண்டு போகும்.
வண்டி வராத நேரம் மௌனம்.
அதன் நீளத்தை நான் வைக்கவில்லை,
சாவடி வரிசை வைத்தது.

ஒரு மாதச் சீட்டுகளை மொத்தமாகக் கொடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரே சுரம், நகராமல்,
திரும்பத் திரும்ப.
நான் எழுதாத சுருதி.
அதே பட்டியலை வட்டங்களாக வரையச் சொன்னால்
ஒரே இடத்தில் வட்டத்தின் மேல் வட்டம் ஏறி
காப்பி டம்ளர் வைத்த கறை மாதிரி.
பிழை என்று மூன்று இரவு தேடினேன்.
வரி வரியாகப் பிரித்து, சேர்த்து,
தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்து.
எல்லாம் சரியாகவே இருந்தன.

கொடுவாயூர் உம்மர் சீட்டுக்கு நின்றவர்
ஜன்னலில் முழங்கை ஊன்றிக் கேட்டார்.
"இதில் என்றெ வண்டி எவிடெ?"
தேடி எடுத்துப் போட்டுக் காட்டினேன்.
அந்தச் சுருதிதான்.
உம்மர் சிரித்தார்.
"இருபத்தினாலு டன் எம்-சாண்ட் ஏத்தினவன்
இவ்வளவு மெலிசாவா பாடுவான்?
இன்னும் கீழே போ, மோளே. இன்னும் கீழே."

வண்டி கிளம்பிய பிறகுதான் எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு.
எல்லாம் 18,490.
வரம்புக்குப் பத்தே கிலோ குறைவு.
தட்டியவை இந்த விரல்கள்,
முதலாளி கண் காட்டிய ஒவ்வொரு முறையும்.
தெரியாதா என்றால்,
விரலுக்குத் தெரியும்.
காதுக்குச் சொன்னதில்லை.

அந்த எண்ணை மட்டும் வடிகட்டிவிட்டுக் கேட்டேன்.
மிச்சச் சுரங்கள் நிற்க இடமின்றி
ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தன.
திரும்பச் சேர்த்தேன்.
பாட்டாயிற்று.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது:
அது அழகாக இருந்தது.

கிட்டுசாமி முதலாளி டீயோடு வந்தவர் நின்று கேட்டார்.
"நல்லா இருக்குதே, தம்புரா வெச்சாப்ல.
என்ர போனுக்கு ஏத்திக் குடு கண்ணு."

ஏற்றிக் கொடுத்தேன்.
இப்போது இரவு இரண்டு மணிக்குச்
சாவடியிலிருந்து அழைப்பு வந்தால்
அவர் சட்டைப்பையில் முதலில் வாய் திறப்பது
முந்நூற்றுப் பன்னிரண்டு பொய்.
அதற்கு அடுத்துதான் அவர்,
"சொல்லுங்க சார்."

ஹெட்லைட் சுவரில் ஏறி இறங்குகிறது.
மேடை மூச்சு வாங்குகிறது.
முதலாளி என் பக்கம் திரும்புகிறார்.
எண் நடுங்குகிறது,
இன்னும் நிற்கவில்லை.